வெளியே பூட்டு, உள்ளே அத்தை

பூட்டியிருந்த வீட்டுக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் அனுப்பிவிட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான கீழ் லயத்து வழியாக வந்துகொண்டிருந்தேன். எல்லோரும் தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருந்தார்கள். கோழிகளைத் தவிர லயத்தில் ஒரு அசைவும் இல்லை. வரிசையாகப் பத்துக் கதவுகள், பத்திலும் பூட்டு. நாலாவது கதவைத் தாண்டும்போது உள்ளே யாரோ இருமினார்கள். ஒரே ஒரு இருமல், அதுவும் துணியை வாயில் வைத்து அமுக்கிய இருமல். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு நல்ல வெயிலிலேயே பேய். ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு வழியிலேயே கழன்று விழுந்துவிட்டது.

அது என் அத்தையின் காம்பரா. அப்பாவின் ஒரே தங்கை. பிள்ளைகள் இல்லை. அவளும் மாமாவும் மட்டும் அந்தப் பத்தடி அறையில் இருந்தார்கள். சாயங்காலம் நான் நடுங்கிக்கொண்டே சொன்னதைக் கேட்ட அம்மா சிரிக்கவில்லை. என் வாயைப் பொத்தினாள்.

"ஊரெல்லாம் சொல்லித் திரியாத. ஒங்க அத்தைக்கு ஒடம்புக்கு முடியல. மாமாதான் வெளியில பூட்டிட்டு வேலைக்குப் போயிருக்காரு."

தோட்டத்தில் இல்லாதவர்களுக்கு இதைச் சொன்னால்தான் புரியும். காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுத்த பிறகு லயத்தில் ஒரு கதவு திறந்திருந்தால் கங்காணி வந்து நிற்பார். ஏன் வேலைக்கு வரவில்லை, என்ன நோய், மருந்துத் துண்டு எங்கே என்று ஆயிரம் கேள்வி. அதனால் முடியாதவர்கள் வீட்டாரிடம் வெளியே பூட்டச் சொல்லிவிட்டு உள்ளே படுத்துக்கொள்வார்கள். இது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். கங்காணிக்கே தெரியும், அவர் மனைவியும் அப்படிப் படுத்தவள்தான். ஆனாலும் பூட்டிய கதவை யாரும் தட்டுவதில்லை. மற்றவர்கள் வருஷத்துக்கு இரண்டு மூன்று நாள் செய்த காரியத்தை அத்தை தன் வாழ்க்கை முறையாகவே ஆக்கிக்கொண்டாள்.

அவள் இருக்கிறாள் என்பது யாருக்கும் தெரியக் கூடாது. பாத்திரம் கழுவினால் சத்தம் வராது. அடுப்பு மூட்டுவதானால் பக்கத்து வீட்டுக் கூரையில் புகை வந்த பிறகுதான் மூட்டுவாள். தன் புகை தனியாகத் தெரியக் கூடாதாம். கோயில் திருவிழாவுக்கு வரிப்பணம் கொடுத்துவிட்டு, ஒலிபெருக்கியில் பேரை வாசிக்க வேண்டாம் என்று தலைவரிடம் கெஞ்சினாள். என் கல்யாணப் போட்டோக்களில் எந்தப் படத்திலும் அத்தையின் முகம் கிடையாது. ஒன்றில் மட்டும் அம்மாவின் தோளுக்குப் பின்னால் ஒரு கையும் இரண்டு கண்ணாடி வளையல்களும் தெரியும். அதைக் காட்டித்தான் என் மகளிடம் அவளை அறிமுகம் செய்தேன்.

"ஏன் அத்தே, ஒங்களுக்கு யாருகிட்ட இவ்வளவு பயம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாருன்னு தெரிஞ்சா பயமில்ல புள்ள," என்றாள். "நாம ஒரு எடத்துல இருக்கோம்னு தெரிஞ்சாத்தான் அங்கேருந்து போகச் சொல்லுவாங்க."

அப்போது அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தோம். வீட்டில் யாராவது ஒளிந்து விளையாடினால் 'அத்தை மாதிரி இரு' என்போம். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மாமா இறந்த அடுத்த மழைக்காலத்தில் அத்தை கொழுந்துக் கூடையோடு மழைத்தண்ணீர் ஓடும் கானில் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். கால் சேர்ந்தது, ஆனால் மலை ஏறவில்லை. வேலைக்குப் போகாமல் மாதங்கள் ஓடியதும் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பேரை வெட்டினார்கள். பேர் இல்லை என்றால் காம்பராவும் இல்லை. புதிதாகக் கல்யாணமான ஒரு சோடிக்கு அந்த அறையை எழுதியாயிற்று. அதற்குப் பிறகும் நாலு மாதம் அத்தை அதே அறையில் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி காலையில் பூட்டிவிட்டு மலைக்குப் போவாள், வந்து திறப்பாள். காவல்காரர் காகிதத்தோடு மூன்று முறை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். நாலாவது முறை மழையில் நனைந்து வந்தவர், வாசல் திண்ணையான இஸ்தோப்பில் ஒதுங்கி நின்றார். உள்ளே அத்தை தும்மிவிட்டாள். அத்தோடு அந்த வீடு போனது.

நேராக என்னிடம்தான் வந்தாள். எனக்குக் கல்யாணமாகி வேறு தோட்டத்துக்கு வந்திருந்தேன். அங்கே பிள்ளை மடுவத்தில் வேலை. கொழுந்தெடுக்கும் தாய்மாரின் கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுகிற வேலை. எங்கள் ஒற்றைக் காம்பராவில் நான், கணவர், கைக்குழந்தையாக இருந்த மகள், மாமியார், மாமனார், கொழுந்தன். ஆறு பேருக்கும் பேர் எழுதிய பட்டியல் ஆபீசில் இருந்தது. அந்தக் காலத்தில் வெளியாள் ஒருவர் லயத்தில் தங்கினால் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும், பொலிசிலும் பதிய வேண்டும். அத்தையைப் பதிவதா? அவள் அதைவிட ஆற்றில் இறங்கியிருப்பாள்.

ஒன்பது நாள் இருந்தாள். பகலில் பின்பக்கத்துச் சமையல் குசினியில் விறகுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்திருப்பாள். பகலெல்லாம் பசித்தாலும் கேட்க மாட்டாள். மாமியார் கொடுமைக்காரி இல்லை, ஆனால் அவளுக்கும் ஒரு காம்பராதானே இருந்தது. "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய வெரட்டுன கதையாயிரும் பாத்துக்க. அவங்களோட சேத்து நம்மளையும் எறக்கிவிட்டா எங்க போறது?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள். கூரைத் தகரம் எண்ண ஆபீசிலிருந்து ஆள் வருகிறார்கள் என்ற அன்று அத்தை தெரியாதபடி விறகை உயர அடுக்கினேன். அவர்கள் எங்கள் லயத்துக்கு வராமலே திரும்பினார்கள். மறுநாள் நான் மடுவத்திலிருந்து வந்தபோது அத்தை இல்லை. விறகுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போயிருந்தாள். எனக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் ஒரு நிம்மதிப் பெருமூச்சு வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஹட்டன் டவுனில் ஒரு துணிக்கடை முதலாளியின் கடைக்குப் பின்னாலிருந்த வளவில், பலகை அடித்துத் தடுத்த நாலு அறைகளில் ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தாள். பழைய பத்திரிகையை வெட்டிப் பசை தடவிக் கடைகளுக்குப் பை ஒட்டுவாள். சத்தமே இல்லாத வேலை, அவளுக்கென்றே செய்தது. பக்கத்து அறையில் ஒரு பெண். தேத்தண்ணிக் கடையில் ரொட்டி சுடுபவள். அவள்தான் பைகளைக் கொண்டுபோய் விற்றுக் கொடுத்தாள். ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு கடைகளில் சரசர என்று பொலித்தீன் பைகள் வந்தன. காகிதப் பையை யார் கேட்கிறார்கள்? வாடகை ஒரு மாதம் நின்றது, இரண்டாயிற்று, நாலாயிற்று.

முதலாளி வந்து தட்ட ஆரம்பித்ததும் அத்தை தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தாள். ரொட்டிக்காரி காலையில் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிடுவாள். பொழுது சாய வந்து திறப்பாள்.

நான் போய் முதலாளியைப் பார்த்தேன். வெற்றிலைச் சிரிப்பும் நெற்றியில் திருநீறுமாகத் தன்மையான மனிதர். அவரிடம் கெஞ்சினேன்.

"தோட்டத்துல தீபாவளி அட்வான்ஸ் குடுத்தவொடனே நான் கொண்டாந்து கட்டிர்றேன் மொதலாளி. அதுவரைக்கும் அவங்கள எறக்கிறாதீங்க. அவங்களுக்குப் போக்கெடம் இல்ல."

"நீ கட்டுவேன்னா எனக்கென்னம்மா? ஆனா அந்தம்மாவ கண்ணால பாக்கவே முடியலயே. எப்ப பாத்தாலும் கதவு பூட்டிக் கெடக்கு."

"வீடு வீடா வேலைக்குப் போறாங்க" என்றேன். அது முதல் பொய்.

இரண்டாவது பொய்யை, தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். அட்வான்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை. மகளுக்கு மருந்து வாங்க டவுனுக்கு வந்தவள், முதலாளி கடை வாசலில் நிற்பதைக் கவனிக்காமல் எதிரே போய் மாட்டிக்கொண்டேன்.

"நல்ல நேரத்துல வந்த. ஒங்க அத்தை கதவு நாலஞ்சு நாளா தொறக்கவே இல்லியே. சாமானெல்லாம் கட்டிக்கிட்டு ஓடிட்டாங்களா?"

உள்ளேதான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அந்த நிமிஷமே போய்த் தட்டுவார்.  என் நாக்கு தானாகவே பேசியது.

"இல்லீங்க மொதலாளி. ராகலைக்குப் போயிருக்காங்க. சொந்தக்காரங்க கிட்ட காசு கேட்டு வாங்கியாரத்தான். தீபாவளிக்கு முன்னால வந்துருவாங்க."

"அப்படியா? அப்ப சரி."

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவர் கண்ணில் படாமல் வளவுக்குள் போக முடியாது என்பதால் அத்தையைப் பார்க்காமலே பஸ் ஏறினேன். வழியெல்லாம் நல்ல தைரியமாக இருந்தது.

மறுநாள் பகல் ரொட்டிக்காரி மடுவத்து வாசலில் வந்து நின்றாள். மாவு அப்பிய கையைக்கூடக் கழுவவில்லை.

"அக்கா, மொதலாளி பூட்டுக்கு மேல பூட்டு போட்டுட்டாரு."

எனக்குப் புரியவில்லை.

"நேத்துப் பின்னேரம் வந்து புதுப் பூட்டு ஒண்ணு போட்டுட்டுப் போயிட்டாரு. ராகலையிலேருந்து வந்தா என்னைய வந்து பாக்கச் சொல்லு, காசு கட்டிட்டுச் சாமான எடுக்கட்டும்னு சொன்னாரு. அவங்க உள்ள இருக்காங்கக்கா!"

லயத்து ஆள் யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். லயத்தில் பூட்டு என்றால் உள்ளே ஆள் இருக்கலாம் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். டவுன்காரருக்குப் பூட்டு என்றால் ஆள் இல்லை. அத்தை இந்த வித்தியாசத்தை யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. போதாததற்கு அவள் ராகலையில் இருக்கிறாள் என்று என் வாயாலேயே சாட்சி சொல்லியிருந்தேன்.

"சாப்பாடு? தண்ணி?"

"எங்க ரெண்டு ரூமுக்கும் நடுவுல இருக்குற பலகைக்கு அடியில ரெண்டு வெரல் சந்து இருக்கு. ரொட்டியத் தள்ளி விட்டேன். தேத்தண்ணிய சாசர்ல ஊத்தித் தள்ளுனேன். பாதி சிந்திருச்சு. மத்ததுக்கு வாளி வச்சிருக்காங்க போல. நான் கூப்பிட்டா பேச்சே இல்லக்கா. சாசர் மட்டும் காலியாத் திரும்பி வருது."

பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க வந்த ஒரு தாயின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மடுவத்தை அவளிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் கூந்தலில் செவ்வந்திப்பூ வைத்திருந்தாள். அந்த வாசம் சாவு வீட்டை நினைவுபடுத்தி என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. நேற்று முழுக்க இருமியிருப்பாளோ, துணியை வாயில் அடைத்துக்கொண்டு மூச்சு முட்டியிருப்பாளோ என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. கொன்றுவிட்டேன், கொன்றுவிட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

முதலாளி கடையில் கூட்டம் நெரிந்தது, தீபாவளி வியாபாரம். அவர் தலை நிமிரவில்லை. நான் வளவுக்குள் புகுந்தேன். கதவில் பழைய சின்னப் பூட்டு. அதற்கு மேலே, எண்ணெய்ப் பிசுபிசுப்புக்கூடப் போகாத பெரிய பூட்டு. ரொட்டிக்காரியின் அறைக்குள் போய்த் தரையில் குப்புறப் படுத்துச் சந்தில் வாயை வைத்தேன்.

"அத்தே... அத்தே, நான்தான்."

 நான் மூன்றாவது முறை கூப்பிட்டபோது என் காதருகிலேயே, பலகைக்கு அந்தப் பக்கம், குரல் வந்தது. அவளும் படுத்திருந்தாள்.

"மெல்லப் பேசு புள்ள."

"பயப்படாதீங்க அத்தே. இப்பவே தொறக்கச் சொல்றேன்."

"எதுக்கு?"



"எதுக்கா? ஒங்கள உள்ள வச்சுப் பூட்டியிருக்காங்க அத்தே!"

"தெரியும். அவரே வந்து பூட்டுனாரு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." அவள் குரலில் நான் எப்போதும் கேட்டிராத ஒரு நிம்மதி. "நேத்துதான் புள்ள நான் நல்லாத் தூங்குனேன். அவரு பூட்டுன கதவ அவரே வந்து தட்டமாட்டாருல்ல. யாரும் வரமாட்டாங்க. நீ ஒண்ணும் சொல்லாத. ரொட்டி மட்டும் தள்ளிவிடச் சொல்லு, நான் பாட்டுக்கு இருந்துக்கிறேன்."

எனக்குப் பின்னால் ரொட்டிக்காரி அழத் தொடங்கினாள். "என்னால முடியாதுக்கா. செத்துக் கித்துப் போனா பொலிஸ் என்னையத்தான் புடிப்பாங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. சந்து வழியாக உள்ளிருந்து வந்த வாடை எனக்குக் குமட்டியது. அதைவிட அத்தையின் சந்தோஷம்தான் என்னைப் பயமுறுத்தியது. நான் இப்படியே எழுந்து போனால் அவள் அப்படியே இருந்துவிடுவாள்.

"சொல்லாத புள்ள. ஒங்கப்பா மேல சத்தியமாச் சொல்லாத."

நான் எழுந்து கடைக்குப் போய், நடுக் கூட்டத்தில், "மொதலாளி, எங்க அத்தை உள்ள இருக்காங்க" என்றேன்.

கையிலிருந்த துணி அளக்கும் கோலை அவர் கீழே போட்டார். சாவியைத் தேடி எடுத்து ஓடி வந்தவருக்குப் பூட்டின் ஓட்டையில் சாவியை நுழைக்க முடியவில்லை. இரண்டு முறை தவறி விழுந்தது. நான்தான் வாங்கித் திறந்தேன். சின்னப் பூட்டை ரொட்டிக்காரி திறந்தாள்.

அத்தை மூலையில் முக்காடு போட்டு நின்றிருந்தாள். ஒட்டிய பைகளை அளவு வாரியாக அடுக்கி வைத்திருந்தாள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே, "மன்னிச்சிருங்க மொதலாளி" என்றாள். என்ன தப்புக்கு என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அவர் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தார். 

"அம்மா, நான் நாலு பொம்பளப் புள்ளய வச்சிருக்கவன். உள்ளயே ஒங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா என் கையில வெலங்கு மாட்டியிருப்பாங்களே. ஒங்களுக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?"

"தீபாவளி அட்வான்ஸ் வந்தவொடனே..." என்று நான் ஆரம்பித்தேன்.

"காசே வேணாம்மா. நாலு மாசமும் வேணாம். இன்னைக்கே கூட்டிட்டுப் போயிரு. எனக்கு இனிமே இந்தக் கதவப் பாத்தாலே ஈரக்கொல நடுங்கும்."

எவ்வளவோ மன்றாடினேன். வாடகை கேட்பவராக இருந்திருந்தால் தவணை கேட்கலாம். பயந்து போனவரிடம் என்ன கேட்பது? ரொட்டிக்காரியிடம் பணம் கொடுத்து அத்தைக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். அத்தை சாப்பிடவில்லை. இரண்டு பைகளில் தன் சாமானை அடைத்துக்கொண்டு, வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் தூறல். எங்கள் தோட்டத்துக்குப் போகும் கடைசிக்கு முந்திய பஸ் நின்றிருந்தது. எனக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பேர் எழுதிய பட்டியல், மாமியாரின் முகம், விறகு அடுக்கு, தகரம் எண்ண வருகிறவர்கள்.

"நம்ம வீட்டுக்குப் போவோம் அத்தே" என்றேன். அதை எப்படிப்பட்ட குரலில் சொன்னேன் என்று எனக்குத் தெரியும்.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் பொய் சொல்லும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று குழந்தையிலிருந்து பார்த்தவள்.

"இல்ல புள்ள. பூண்டுலோயாவுல ஒரு வீட்டுல சமையலுக்கு ஆள் கேட்டிருந்தாங்க. தங்க எடமும் குடுக்குறாங்க. நான் ஒனக்குச் சொல்ல மறந்துட்டேன்."

நாலு மாதமாகக் கதவுக்கு வெளியே கால் வைக்காதவளை யார் வந்து ஆள் கேட்டார்கள்? எனக்குத் தெரியாதா?

என் பர்சில் திரும்பிப் போவதற்கான காசை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அவள் கையில் திணித்தேன். அவள் பூண்டுலோயா பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரம் காலியாக இருந்தும் நடுச் சீட்டில் போய், ஆட்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாள். வெளியிலிருந்து பார்த்தால் அவள் தலைகூடத் தெரியவில்லை.

அந்த வாரமே அட்வான்ஸ் வந்தது. மகளுக்குச் சட்டை எடுத்தேன். மாமியாருக்கும் ஒரு சேலை எடுத்தேன். தைப்பொங்கலுக்குப் பிறகு இரண்டு முறை பூண்டுலோயாவுக்குப் போய்க் கடை கடையாக விசாரித்தேன். காலை இழுத்து நடக்கும் அம்மா யாரையும் அவர்கள் கண்டதில்லை. கண்டிருந்தாலும் அவர்களுக்கு நினைவிருக்க நியாயமில்லை.

அன்று அவள் ஏறிய பஸ் கிளம்பச் சில நிமிஷங்கள் இருந்தன. நான் ஏறிப் போய், "எந்த வீடு அத்தே?" என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவளுக்குப் பதில் இருக்காது. பதில் இல்லை என்றால் நான் அவளை என் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கும். அதற்குப் பயந்துதான் நான் கேட்கவில்லை.